முதல் இருபது அடி

பெரம்பூரில் கார் ஓட்டுபவர் வேகமாகப் போவது அபூர்வம். அவர் அன்றாடம் செய்வது, நிற்பதும் மறுபடி கிளம்புவதும்தான். மூலக்கடையில் புறப்பட்டு, மாதவரம் நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்திருக்கும் தடுப்புகளை ஒட்டியே ஊர்ந்து, செம்பியம் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி, ஓட்டேரி போய்ச் சேர்வதற்குள் வண்டி எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை. மூன்றாவது கியருக்கு மேல் போக வேண்டிய அவசியமே வராது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு காரின் வீரம் எங்கே தெரிய வேண்டும்? முதல் இருபது அடியில்தான்.

என்னிடம் இருப்பது ஒரு சின்ன ஹேட்ச்பேக். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், டர்போ, இரட்டை கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர். சிவப்பு நூலில் தைத்த சீட், பின்னால் இரட்டைப் புகைக்குழாய் என்று பார்க்கவே பந்தய வண்டியின் சாயல். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விட்டால் மனம் குளிர ஓடும். அந்த ஓட்டத்துக்காகத்தான் அதை வாங்கினேன், இன்றும் அதன் மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. ஆனால் பெரம்பூர் மேம்பாலத்து ஏற்றத்தில், முன்னால் நின்ற மாநகரப் பேருந்து நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், கார் ஒரு கணம் ஒன்றுமே கேட்காதது போல நிற்கும். பின்னாலிருந்து ஹாரன் கிளம்பும். பக்கத்தில் ஷேர் ஆட்டோ முந்திக்கொண்டு போய்விடும். காலை இன்னும் அழுத்தினால், தேக்கி வைத்த இழுவை மொத்தமும் ஒரே மூச்சில் வந்து, வண்டி பேருந்தின் பின்பக்கத்தை நோக்கிப் பாயும்.

தயக்கத்தைவிட அந்தப் பாய்ச்சல்தான் எனக்குக் கவலை. சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளும், தள்ளுவண்டிக்காரர்களும், காருக்கும் தடுப்புக்கும் இடையில் நுழைகிற ஸ்கூட்டர்களும் உள்ள சாலை இது. கால் சொன்னதை வண்டி ஒரு நொடி கழித்துச் செய்வது இங்கே சின்ன விஷயமல்ல.

மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். ஏர் ஃபில்டர், பிளக், டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், எல்லாவற்றையும் சோதித்தார். "வண்டில ஃபால்ட் ஒண்ணும் இல்ல சார். இந்த மாதிரி எஞ்சினே அப்படித்தான். டர்போ சுத்த ஆரம்பிச்சாதான் இழுக்கும்" என்றார்.

காரணத்தை எனக்கு முழுதாக விளங்க வைத்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை அவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது கார் வழக்கம்போலத் தயங்கியது. "தம்பி, இது நம்ம ஆல்கோ இன்ஜினுக்கு இருந்த அதே வியாதி. நாட்ச், அதாவது அதோட ஆக்சிலரேட்டர், ஏத்தினா எண்ணெய் உடனே போயிடும். காத்து மெதுவாத்தான் வரும். அதான் அவ்வளவு புகை" என்றார்.

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். 1962-ல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்து, பிறகு வாராணசியில் தயாரான டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின்கள்: 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். சரக்கு வண்டியோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கூரையிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும். அந்தக் கறுப்பு, காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல். டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் விசிறி. அது சுழல வேண்டுமானால் புகை வேகமாக வெளியேற வேண்டும். புகை வேகமாக வெளியேற வேண்டுமானால் எஞ்சின் ஏற்கெனவே நிறைய எரித்துக்கொண்டிருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் எஞ்சினிடம் அது ஏது?

டர்போவுக்கு 1905-லேயே காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பியூச்சி என்ற சுவிஸ் பொறியாளர். நூற்றிருபது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் மல்லுக்கட்டுவது இந்த முதல் நொடியோடுதான். 1973-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ இந்தத் தாமதத்துக்காகவே பெயர் வாங்கியது. மிதித்தால் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். அன்றையதோடு ஒப்பிட்டால் இன்றைய டர்போ மிகவும் சிறியது, எடை குறைந்தது, நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியது. தாமதம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

விளம்பரத் தாளில் வேறு மாதிரி எழுதியிருக்குமே என்று கேட்கலாம். முழு முறுக்குவிசையும் 1,500 சுற்றிலேயே கிடைக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த அளவை எடுக்கும்போது எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி, முழு ஆக்சிலரேட்டரில் அதே 1,500 சுற்றில் பிடித்து வைத்திருப்பார்கள். டர்போவுக்குச் சுழன்று எழ வேண்டிய அவகாசம் அங்கே தாராளம். மேம்பாலத்தில் நிற்கும் என் காரோ 800 சுற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணத்தில் அது டர்போ இல்லாத வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். அதை வைத்து ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட காரையும், உள்ளே நான்கு பேரையும், மே மாத வெயிலில் முழுமூச்சாய் ஓடும் ஏசி கம்ப்ரஸரையும் ஏற்றத்தில் நகர்த்த வேண்டும். 796 சிசி வைத்த பழைய மாருதி 800-ல் டர்போ கிடையாது. ஆனாலும் சிக்னலில் அது சுறுசுறுப்பாக இருந்ததற்குக் காரணம், அதன் எடை 650 கிலோவை ஒட்டி இருந்ததுதான்.

இதோடு கியரும் சேர்ந்துகொள்கிறது. என் காரில் இருப்பது போன்ற உலர் இரட்டை கிளட்சைக் கம்ப்யூட்டர்தான் சேர்த்துப் பிரிக்கிறது. ஊர்ந்து போகும் நெரிசலில் அது சூடேறும் என்பதால், காக்கும் நோக்கத்தோடு நிதானமாகவே சேர்க்கிறது. ஆக்சிலரேட்டரிலும் இப்போது கேபிள் இல்லை. கால் சொல்வது முதலில் கம்ப்யூட்டருக்குப் போகிறது, புகை அளவையும் சிக்கனத்தையும் பார்த்துத் திறப்பது அதன் வேலை. இப்படிச் சின்னச் சின்னத் தாமதங்கள் சேர்ந்துதான் அந்த ஒரு நொடி உருவாகிறது.

இவ்வளவு சின்ன எஞ்சினை ஏன் வைக்கிறார்கள் என்பதற்குப் பதில் பாதி வரிச் சட்டத்தில் இருக்கிறது. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள் இருந்தால் சின்னக் கார். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். அதிகத் திறனும் வேண்டும், கோட்டையும் தாண்டக்கூடாது என்றால் டர்போ ஒன்றே வழி. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-ல் 999 சிசி டர்போவோடு வந்தது. 2017-ல் பலேனோ ஆர்.எஸ். 998 சிசியோடு வந்தது. பிறகு ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. எண்ணெயும் மிச்சம், வரியும் மிச்சம் என்பது நியாயமான கணக்கு. அதற்கான விலையை நெரிசல் சாலைக்காரன் கொடுக்கிறான் என்பதுதான் என் குறை.

இதைச் சொல்லும் உரிமை வடசென்னைக்காரனுக்குக் கூடுதலாகவே உண்டு என்று நினைக்கிறேன். நின்ற இடத்திலிருந்து சுமையை இழுப்பதற்கான யந்திரங்களைச் செய்வதே இந்தப் பகுதியின் தொழில். எண்ணூரில் அசோக் லேலண்ட், செம்பியத்தில் டிராக்டர் எஞ்சின் செய்யும் சிம்ப்சன், திருவொற்றியூரில் என்ஃபீல்டு. அந்தப் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 346 சிசி, சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். திறன் என்று பார்த்தால் 18 குதிரைத்திறன் அளவுதான். ஆனால் அந்த நீண்ட ஸ்ட்ரோக்கும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து, கிளட்சை விட்டதுமே இரண்டு ஆளையும் ஒரு மூட்டையையும் அலட்டிக்கொள்ளாமல் நகர்த்தும். ஆக்சிலரேட்டரைத் தொடக்கூட வேண்டாம். வியாசர்பாடி இளைஞர்கள் இன்றும் தேடி வாங்கும் யமஹா ஆர்.எக்ஸ். 100 வேறு வழியில் அதையே சாதித்தது: 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், நூறு கிலோவை ஒட்டிய எடை. பிக்கப் என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்துப் பையன்கள் அந்த வண்டியில்தான் தெரிந்துகொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்த அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் 2018 அக்டோபரில் முதல் வந்தே பாரத் வெளியே வந்தது. அதன் உச்ச வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதன் கிளம்பல். வழக்கமான ரயிலில் முன்னால் இருக்கும் எஞ்சினின் சக்கரங்கள் மட்டுமே தண்டவாளத்தைப் பற்றி இழுக்கின்றன. அளவுக்கு மீறி இழுத்தால் சக்கரம் வழுக்கும். வந்தே பாரத்தில் 16 பெட்டிகளில் பாதிக்கு மோட்டார் உண்டு. ரயில் நெடுகச் சக்கரங்கள் தள்ளுகின்றன. 2022-ல் வந்த மேம்பட்ட வடிவம் நின்ற நிலையிலிருந்து 52 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. மின்மோட்டாருக்குக் காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை இல்லை. சக்கரம் சுழலத் தொடங்கும் முன்பே முழு முறுக்குவிசையும் கையில் இருக்கிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும் வண்டிக்கு உச்ச வேகத்தைவிட இந்தக் கிளம்பல்தான் நேரத்தை மிச்சப்படுத்தும். புறநகர் மின்ரயில்களைப் பல காலமாகக் கட்டிவரும் ஐ.சி.எஃப். தொழிலாளிக்கு இது பழகிய பாடம்.

டர்போ விஷயத்திலும் ரயில்வேக்கு ஒரு விடை கிடைத்தது. 1999 முதல் இங்கே வந்த இ.எம்.டி. வகை டீசல் எஞ்சின்களில் டர்போவைத் தாழ்ந்த வேகத்தில் எஞ்சினே பல்சக்கரம் வழியாகச் சுழற்றும். புகையின் விசை போதுமான அளவு கிடைத்ததும் அந்தப் பிணைப்பு தானே விலகி, டர்போ தன் போக்கில் ஓடும். புகையும் குறைந்தது, தயக்கமும் போனது. இதை எனக்குச் சொல்லும்போது பெரியவரின் முகத்தில் இருந்த நிறைவைப் பார்க்க வேண்டும். "ரயிலுக்குப் பண்ண முடிஞ்சது காருக்கு ஏன் முடியாது தம்பி?" என்று கேட்டார். முடியும், விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் மின்மோட்டார் டர்போவைச் சுழற்றுகிறது. சின்னக் காருக்கு அது இன்னும் இறங்கி வரவில்லை.

அதுவரைக்கும் ஓட்டுகிறவர் செய்யக்கூடியவை உண்டு. என் அனுபவத்தில் பலன் தந்தது இது: முன்வண்டி நகரும் அறிகுறி தெரிந்ததும் பிரேக்கை மெல்ல விட்டு, காரைத் தானாக ஓரடி ஊர விட வேண்டும். கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகு ஆக்சிலரேட்டரை இதமாக அழுத்தினால் இழுவை வரிசையாக வரும். வெடுக்கென்று மிதிப்பதால் ஒரு பயனும் இல்லை, ஆபத்துதான் மிச்சம். ஏற்றத்தில் ஸ்போர்ட் நிலையில் வைத்தால் எஞ்சின் கொஞ்சம் உயர்ந்த சுற்றிலேயே இருக்கும். சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைக்கும் வசதியை நெரிசலில் நிறுத்தி வைக்கலாம். கைக் கியர்க்காரர்கள் கிளட்சை விடும் முன் 1,500 சுற்றுக்கு மேல் ஏற்றிக்கொள்வது நல்லது. முன்பு இல்லாத தயக்கம் புதிதாக வந்தால் மட்டும் டிரைவிங்கால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். அது ஹோஸ் கசிவாகவோ கிளட்ச் தேய்மானமாகவோ இருக்கலாம்.

தயாரிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் எளியது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்க எத்தனை நொடி என்பதைப் பெரிதாக அச்சிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே, நான்கு பேரோடும் ஏசியோடும் பூஜ்யத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு எத்தனை நொடி என்பதையும் அச்சிடுங்கள். எங்களுக்கு உதவும் எண் அதுதான்.

சின்ன ஸ்போர்ட்டி கார் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஷோரூம்காரர் அழைத்துப் போகும் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டில் உள்ளவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியை முழுதாக வைத்து, பெரம்பூர் மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று கிளப்பிப் பாருங்கள். அங்கே தயங்காத வண்டியை வாங்குங்கள்.