மூணு லைஃப்

சித்திரை பிறந்தால் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து அத்தை குடும்பமும் மேலூரிலிருந்து பெரியம்மா குடும்பமும் வந்துவிடுவார்கள். பெரியவர்கள் எதிர்சேவைக்குத் தல்லாகுளம் கிளம்பியதும் கூடத்து சாலிடேர் டிவி எங்கள் வசம் வரும். பரணிலிருந்து வீடியோ கேம் பெட்டி இறங்கும்.

1990களின் கடைசி அது. பெட்டியை அப்பா மீனாட்சி பஜாரில் வாங்கி வந்திருந்தார். நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த எத்தனையோ நகல்களில் அதுவும் ஒன்று என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அது டிவி கேம். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அதன் வயரைச் செருகி, சேனலைத் திருகிக்கொண்டே இருந்தால் இரைச்சலுக்கு நடுவிலிருந்து மெதுவாகப் படம் எழும்பி வரும். வராவிட்டால் கேசட்டை உருவி, அடியில் பலமாக ஊதி, மறுபடி செருகுவோம். மஞ்சள் கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது சில பத்துதான். ஒரே விளையாட்டை வெவ்வேறு ஸ்டேஜில் தொடங்கும்படி வைத்து, பெயரை மட்டும் மாற்றி வரிசையாக அடுக்கியிருப்பார்கள்.

விளையாடிய நேரத்துக்குச் சமமாக வாதாடியும் இருப்போம். எந்த விளையாட்டு நல்ல விளையாட்டு, எது சும்மா நேரத்தைத் தின்கிறது என்பதுதான் வழக்கு. அத்தை மகன், என் மச்சான், காண்ட்ரா கட்சி. பெரியம்மா மகள், எங்களில் மூத்த அக்கா, டேங்க் கட்சி. நான் மாரியோ. சித்தி மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அவளுக்கு வாத்து சுடுகிற விளையாட்டு ஒன்றே போதும்.

காண்ட்ராவை கோனாமி நிறுவனம் 1987இல் கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே வீட்டுப் பெட்டிக்கும் கொண்டுவந்தது. மூன்று லைஃப். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போய்விடும். பறந்து வரும் எழுத்துகளில் ‘எஸ்’ஸைப் பிடித்தால் ஐந்து குண்டுகள் விசிறியாகப் பாயும். அதை யார் எடுப்பது என்பதில் வீடு இரண்டுபடும். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. அங்கே மேலே ஏறுகிறவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு மேலே போகும். கீழே நிற்பவன் திரைக்கு வெளியே விழுந்து செத்துப்போவான். “ஏறாத மாப்ள, இங்கிட்டு நான் இன்னும் கீழதான் நிக்கிறேன்” என்று மச்சான் கத்துவது எதிர்வீடு வரைக்கும் கேட்கும். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் தாவினால்தான் அருவியைக் கடக்க முடியும். அந்த ஒரு ஸ்டேஜுக்காகவே மச்சான் காண்ட்ராவை விட்டுக்கொடுக்க மாட்டான்.

அக்கா ஒத்துக்கொள்ளவே மாட்டாள். “எங்கன எவன் வருவான்னு நெட்டுரு போடுறதுல என்னடா வெளையாட்டு இருக்கு? பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு” என்பாள். அவளுடைய டேங்க் கேம், நாம்கோ 1985இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி. செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காப்பாற்ற வேண்டும். கூட்டாளியைத் தவறிச் சுட்டுவிட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவான். அக்காவுக்குப் பிடித்தது அந்த விளையாட்டில் நாமே களம் கட்டிக்கொள்ளலாம் என்பது. எங்கே செங்கல், எங்கே இரும்பு, எங்கே தண்ணீர் என்று யோசித்து யோசித்து வைப்பாள். எங்கள் இரண்டு பேரையும் அதற்குள் இறக்கிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாள். ஆடுகிறவரே களத்தைக் கட்டுவது இன்றைக்கு மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் என்று பெரிய உலகமாகிவிட்டது. அந்த ருசியை முதலில் கண்டுகொண்டது எங்கள் கூட்டத்தில் அக்காதான். மாரியோவில் மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம், பச்சையும் வெள்ளையும்தான் வித்தியாசம் என்று சொன்னவளும் அவளே. 1985இல் வந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஒரே வடிவத்தை நிறம் மாற்றி வைத்து இடத்தை மிச்சப்படுத்தியிருந்தார்கள். இல்லாமையிலிருந்து பிறந்த அந்தச் சிக்கனம் இன்றைக்கும் எனக்கு மரியாதையை உண்டாக்குகிறது.

சின்னவளுடைய வாத்து விளையாட்டு, டக் ஹன்ட். பிளாஸ்டிக் துப்பாக்கியின் விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணர்வான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். படக்குழாய் டிவி திரையில் கோடு கோடாக ஒளியை வரைகிற நேரக் கணக்கை நம்பிச் செய்த ஏற்பாடு அது. இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. பழசாகிப் போனது என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் படக்குழாய் போனதால் போனது. சலித்துப்போய் யாரும் அதைக் கைவிடவில்லை.

சின்னவளை மற்ற விளையாட்டுகளிலும் சேர்த்துக்கொள்வோம். தெருவில் எங்களுக்கு வழக்கமான சட்டம் அது. கண்ணாமூச்சியானாலும் ஓடிப்பிடித்து ஆடினாலும் சின்னப் பிள்ளை உப்புக்குச் சப்பாணி, அவுட்டானாலும் கணக்கில்லை. செல்லூர் கபடிக்குப் பேர்போன பகுதி. கபடியிலும் வெளியே போனவன் வெளியேயே நிற்பதில்லை. தன் அணி எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால் இவன் உள்ளே வந்துவிடுவான். டிவி பெட்டிக்குள் இந்தக் கருணை இல்லை. மாரியோவில் ஒருவன் செத்தால்தான் அடுத்தவனுக்கு முறை. அதனால் சட்டத்தை நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்தோம். சின்னவள் குழியில் விழுந்தால் அது விழுந்த கணக்கில் வராது. அடுத்த முறையும் அவளுக்கே. 2018இல் செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டைச் செய்தவர்கள், சிரமப்படுகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் விழாமலே போகவும் உதவிமுறை ஒன்றை அமைத்தார்கள். அது நியாயமா என்று விவாதம் நடந்தது. உப்புக்குச் சப்பாணி பார்த்து வளர்ந்த யாருக்கும் அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எங்களுடைய பெரிய சண்டை கரண்ட்டைப் பற்றியது. மாரியோவில் ஏழாவது உலகம் வரைக்கும் வந்திருப்போம். மின்விசிறி ஓய்ந்து டிவி நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். கரண்ட் திரும்பி வந்தால் முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜ். விட்ட இடத்தைச் சேமித்து வைக்க அந்தக் கேசட்டில் வழியில்லை. பேட்டரி வைத்துச் சேமிக்கும் கேசட்டுகள் அமெரிக்காவில் 1987இலேயே செல்டா விளையாட்டோடு வந்துவிட்டன. எங்கள் மஞ்சள் கேசட்டுக்கு அந்த வசதி எட்டவேயில்லை. “திரும்ப மொதல்ல இருந்து வந்து ஜெயிச்சாத்தான்டா மதிப்பு” என்பான் மச்சான். “கரண்ட் போனதுக்கு நான் என்னடா பண்ணுவேன்? அதுக்கு எதுக்கு என் லைஃப் போகணும்?” என்று கேட்பேன். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. எனக்கும் அது கேள்வியாக மட்டுமே இருந்தது.

பதிலின் முதல் பாதி தமுக்கம் மைதானத்தில் கிடைத்தது. சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம், டெல்லி அப்பளம் எல்லாம் தாண்டி ஒரு கூடாரத்தில் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் நின்றன. எல்லோரும் மொய்த்தது முஸ்தபாவில். கேப்காம் நிறுவனம் 1993இல் செய்த கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் அது. அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா பெயரிலேயே இந்தியா முழுக்க ஓடியது. கூடாரத்து அண்ணன் ஒரு ரூபாய்க்கு ஒரு வில்லை கொடுப்பார். பாஸ் வந்ததும் வில்லை கரையும். திரையில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கும்போது கை தானாகப் பைக்குள் போகும். மச்சான் அன்றைக்கு ஜிகர்தண்டாவுக்கு வைத்திருந்த காசையும் அதில் போட்டான்.

லைஃப் எதற்கு மூன்று என்பது அங்கே புரிந்தது. ஒருவன் ஒரே காசில் ஒரு மணி நேரம் ஆடினால் இயந்திரக்காரருக்கு நஷ்டம். சில நிமிடங்களில் ஆடுகிறவன் தோற்க வேண்டும், ஆனால் இன்னொரு காசு போடும் ஆசை மிச்சமிருக்க வேண்டும். கடைக்காக வைத்த அந்தக் கணக்கு, காசு போடத் துளையே இல்லாத வீட்டுப் பெட்டிக்குள்ளும் அப்படியே குடிவந்துவிட்டது. விளையாட்டைச் செய்தவர்களுக்கே அது பெரும்பாடாக இருந்திருக்கிறது. கோனாமியில் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கக்கூடத் தம்மால் முடியவில்லை என்று ஒரு ரகசியக் குறியீட்டை உள்ளே வைத்தார். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. காண்ட்ராவில் அதே குறியீடு 30 லைஃப் தந்தது.

பதிலின் மறுபாதி கம்ப்யூட்டர் காலத்தில் வந்தது. பள்ளி கம்ப்யூட்டர் அறையில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இருந்தது. ஜோர்டன் மெக்னர் 1989இல் செய்தது. 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும், கடிகாரம் எதிரி. 2003இல் அதே மெக்னர் பங்கெடுத்த சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது, தவறி விழுந்தவன் கத்தியின் விசையை அழுத்தினால் காலம் பின்னோக்கி ஓடியது. விழுந்த இடத்திலிருந்தே மறுபடி தாவலாம். பதினான்கு ஆண்டுகளில் கடிகாரம் ஆடுகிறவன் கைக்கு வந்துவிட்டது. இடையே 2000இல் வந்த ஐ.ஜி.ஐ.யில் ஒரு மிஷனுக்கு நடுவில் சேமிக்கவே முடியாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, கடைசிக் காவலாளியிடம் செத்து, மிஷனின் வாசலிலிருந்து மறுபடி தவழ்ந்து போன எவருக்கும் அந்தச் சினம் மறக்காது. ஆனாலும் தொலைநோக்கியால் முகாமை அளந்து, கேமராவை அணைத்து, சத்தமில்லாமல் நுழைகிற அந்த நிதானம் இன்றைக்கும் இனிக்கிறது. சேமிக்க விடாத பிடிவாதம்தான் செத்தது, பதுங்கிப் போகிற சுகம் சாகவில்லை.

மச்சான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். பேசினால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். “கஷ்டம் இல்லேன்னா அது வெளையாட்டே இல்ல மாப்ள” என்கிறான். 2022இல் வந்த எல்டன் ரிங்கை அவன் சாட்சிக்கு அழைக்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டில் எத்தனை முறை செத்தாலும் லைஃப் தீர்ந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. பக்கத்திலேயே எழுந்து மறுபடி போகலாம். கஷ்டம் வேறு, நேரத்தைப் பறிப்பது வேறு. மாரியோவிலேயே 2017இல் வந்த ஒடிசியில் லைஃப் கணக்கை எடுத்துவிட்டார்கள். விழுந்தால் சில நாணயம் குறையும், அவ்வளவுதான். வழக்கொழிந்தது என்று எழுதிவிட்ட முஸ்தபா வகைத் தெருச்சண்டை 2020இல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 வழியாகக் கொண்டாட்டமாகத் திரும்பி வந்தது. இரண்டு பேர் சேர்ந்தே ஆட வேண்டும், தனியாக ஆடவே முடியாது என்று வந்த இட் டேக்ஸ் டூ, 2021இன் சிறந்த விளையாட்டுக்கான கேம் அவார்ட்ஸ் விருதை வாங்கியது. டொரண்டோவில் செய்த வெண்பா என்ற விளையாட்டில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறது. தண்ணீர் எங்கே, தட்டு எங்கே என்று யோசிப்பதே புதிர். ஒரே மாலையில் முடிந்துவிடும். 2024இல் அதற்கு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது கிடைத்தது.

இவற்றையெல்லாம் பார்த்தபிறகு, கூடத்தில் நடந்த அந்த வழக்குக்கு என் தீர்ப்பு இது. வகை எதுவும் பழசாவதில்லை. ஓடிச் சுடுவதும், களம் கட்டுவதும், பதுங்குவதும், தெருவில் அடித்துக்கொள்வதும் என்றைக்கும் இனிக்கும். ஆடுகிறவரின் நேரத்தையும் காசையும் பறிப்பதற்கென்றே வைத்த உத்திதான் பழசு, அது நேற்று வந்திருந்தாலும். தமுக்கத்துக் காசுத் துளை இன்றைக்குக் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. 2012இல் வந்த கேண்டி கிரஷில் ஐந்து லைஃப். தீர்ந்தால் ஒன்று திரும்ப வர 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளில் சிலவற்றை பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை விளையாடும்போது எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தோற்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மறுபடி முயலலாம் என்று பதில் வந்தால் நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள். காத்திருக்க வேண்டும் அல்லது காசு கட்ட வேண்டும் என்று வந்தால், அந்த விளையாட்டை அப்போதே கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள்.