தேரையாக்கப்பட்டவன்

உடம்பே இல்லாத ஓர் ஊரில் ஒருவன் பிறருடைய உடம்புகளைப் பறித்துக்கொண்டான். லாம்டாமூ என்னும் அவ்வூரின் கதை பழையதுதான். ஆனாலும் மெய்நிகர் உலகில் மக்கள் தம்மைத் தாமே ஆள்வதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் நினைவு அங்கேதான் போய் நிற்கிறது.

கலிஃபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் 1990இல் அதைத் தொடங்கினார். படமில்லை, ஒலியில்லை, எல்லாம் எழுத்து. அவருடைய சொந்த வீட்டின் சாயலில் அமைந்த மாளிகை அது. புதியவர் முதலில் கோட்டு மாட்டும் இருட்டறைக்குள் வந்து சேர்வார். கதவைத் திறந்தால் கூடம். சிரிப்பதாக ஒருவர் தட்டெழுதினால் அங்குள்ள அனைவர் திரையிலும் 'இன்னார் சிரிக்கிறார்' என்று தோன்றும். நிரலின் சாவி கையிலிருந்தோருக்கு மந்திரவாதிகள் என்று பெயர். ஊர்ச் சச்சரவுகளுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சலித்த அவர்கள் 1992 டிசம்பரில் அறிவித்தார்கள்: இனி நாங்கள் தொழில்நுட்பப் பணியாளர்கள் மட்டுமே, உங்கள் வழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்கள்கூட நிம்மதியாகக் கழியவில்லை. 1993இல் பங்கிள் என்ற பெயரில் உலவிய ஒருவன், 'சூனியப் பொம்மை' என்னும் நிரலைக் கொண்டு, கூடத்தில் இருந்தவர்கள் தாங்களே ஆபாசமும் கொடூரமுமான செயல்களைச் செய்வதாக வரிகளை ஓடவிட்டான். பாதிக்கப்பட்ட பெண்ணொருவர், அவனுடைய செயலைக் கண்டித்து எழுதியபோது தம் கண்களில் நீர் வழிந்ததாகப் பின்னர் ஜூலியன் டிப்பெல் என்ற எழுத்தாளரிடம் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் வெளியான டிப்பெலின் கட்டுரை வழியாகத்தான் உலகம் இதை அறிந்தது. முதன்முறை அதைப் படித்தபோது, கணினியை அணைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நாம் சிரித்தோம். சொல்லைப் பாடமாக நடத்திப் பிழைப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு தகாது. சொல்லன்றி வேறெதுவும் இல்லாத ஊரில் ஒருவர் பெயரால் பிறர் சொல்லெழுதுவது அவரைக் கையைக் காலைக் கட்டிப்போடுவதே.

ஊர் கூடிற்று. அந்தக் கூட்டத்துக்குப் பங்கிளும் வந்தான். உரிமை, சட்டம், தண்டனை என்று பேச்சு நெடுநேரம் நீண்டு, முடிவெதுவுமின்றிக் கூட்டம் கலைந்தது. அதன்பின், எல்லாவற்றையும் கேட்டிருந்த மந்திரவாதி ஒருவர், யாரையும் கேளாமல், தனியே ஓர் ஆணையைத் தட்டினார். பங்கிள் அழிந்தான். இதற்கு அவ்வூர் வழக்கில் 'தேரையாக்குதல்' என்று பெயர். பழைய விளையாட்டுகளில் தண்டிக்கப்பட்டவனைத் தேரையாக மாற்றிவிடுவார்களாம்.

கர்ட்டிஸ் அதற்குப் பிறகே மனு, வாக்கெடுப்பு முறையைக் கொண்டுவந்தார். போதிய கையொப்பங்கள் சேர்ந்து, ஓர் எதிர்ப்பு வாக்குக்கு இரண்டு ஆதரவு வாக்குகள் என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறினால், மந்திரவாதிகள் அதைச் செய்தே தீரவேண்டும். ஆனால் மனு நடைமுறைக்கு ஏற்றதா என்று முன்கூட்டியே பார்த்தவர்களும் அவர்களே. பங்கிளோ, ஜெஸ்ட் என்ற வேறொரு பெயரில் திரும்பி வந்திருந்தான்.

1996 மே மாதத்தில் இன்னோர் அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பம் வேறு, ஊர் விவகாரம் வேறு என்று பிரித்துவைக்க இயலவில்லை. எனவே சமூக விளைவுள்ள முடிவுகளிலிருந்து இனி ஒதுங்கியிருக்கப் போவதில்லை என்றார்கள் மந்திரவாதிகள். சுயாட்சி தோற்றது என்பார்கள் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய அறிவிப்பில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, கையில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள்; இம்முறை கையைத் திறந்து காட்டினார்கள்.