யாருக்கு நேர்ந்துக்கிட்டே?

‘ஜனவரி ஒண்ணாந் தேதியிலிருந்து முப்பத்தோரு நாளும் தினம் மூணு கிலோமீட்டர் ஓடப் போறேன்’ என்று வீட்டில் அறிவித்தேன். என் மனைவி கேட்ட முதல் கேள்வி: ‘யார் துரத்துறாங்க?’

நியாயமான கேள்விதான். பி.காம். முடித்த நாளிலிருந்து நான் ஓடியதெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் மட்டுமே. அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயிக்கும்.

ஐடியா நம்முடையது இல்லை சார். இங்கிலாந்தில் ‘ரெட் ஜனவரி’ என்று ஒன்று நடத்தினார்கள். ஜனவரி முழுக்க, குளிரோ மழையோ, தினமும் ஓடவேண்டும். ஓடுகிறவருக்காக நண்பர்கள் தரும் பணம் ‘மைண்ட்’ என்ற மனநல அமைப்புக்குப் போகும். அதே நாட்டில் ரான் ஹில் என்று ஒரு மனுஷர், 1970-ல் பாஸ்டன் மாரத்தானில் முதலாக வந்தவர். 1964 டிசம்பரில் ஆரம்பித்து 2017 ஜனவரி வரை 52 வருஷம் ஒருநாள்கூட விடாமல் ஓடியிருக்கிறார். காலில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தபோதும் ஊன்றுகோலோடு ஒரு மைல்! எனக்கு முப்பத்தோரு நாள் போதும்.

பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் ஆபீஸில் சொன்னேன். நாளைக்குப் பத்து ரூபாய் என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள். ‘நீ ஓடாத நாளுக்கு நான் இருபது தர்றேன் மாப்ளே’ என்றான் ஒரு புண்ணியவான். சேரும் பணத்தை, மதுரையில் 1992-ல் தொடங்கி மனநலம் பாதித்தவர்களுக்காக வேலை செய்யும் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பெயரும் தொகையும் எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். படித்த படிப்பு போகுமா?

மம்சாபுரம் தெரியுமல்லவா? ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கே மலை பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். ஜனவரியின் முதல் பாதி மார்கழி. விடிகாலையில் ஸ்பீக்கரில் திருப்பாவை. ஆண்டாள் பக்கத்து ஊர்க்காரி என்பதால் எங்களுக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள். தெரு பூராவும் கோலம். அதை மிதிக்காமல் ஓடுவதற்கு ஓட்டப்பந்தய வீரன் போதாது, பாண்டி ஆடத் தெரிந்திருக்கவேண்டும். அப்புறம் நாய்கள். ராஜபாளையம் நாய் 2005-ல் தபால்தலையில் வந்த ஜாதி. தபால்தலையில் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கிறது!

முதல் வாரம் விசாரணை வாரம். ‘சுகரா தம்பி?’ ‘போலீஸ் செலக்‌ஷனா? வயசு தாண்டிருச்சே!’ ‘சபரிமலைக்கா? மாலையைக் காணோம்?’

எட்டாம் நாள், கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தினாள். ‘என்ன சாமி, யாருக்கு நேர்ந்துக்கிட்டே?’

அசந்து போனேன். இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்ததாக நான் நினைத்த சமாசாரத்தைப் பாட்டி ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டாளே! பிள்ளைக்கு அம்மை போட்டால் இருக்கன்குடிக்கு நடக்கிறோம். புருஷனுக்கு ஆபரேஷன் என்றால் தீச்சட்டி எடுக்கிறோம். யாருக்காக, என்ன நோய்க்காக என்று தெருவுக்கே தெரியும், நாமே சொல்வோம். நான் பாட்டியிடம், ‘மனசு சரியில்லாதவங்களுக்காக’ என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயைக் கையில் திணித்தாள். ‘பேரு எழுதாத’ என்றாள்.

அதற்குப் பிறகுதான் நோட்டைக் கவனித்தேன். நம் ஊரில் கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதிக்கொள்வோம். அதே ஆட்கள் என் நோட்டில் ‘நலம் விரும்பி’! மொத்தம் நாற்பத்து மூன்று வரவு. அதில் பத்தொன்பது நலம் விரும்பிகள். ஆடிட்டர் பார்த்தால் சந்தேகப்படுவார்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். இன்று சங்கிலி போடக்கூடாது என்று 2017-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் சங்கிலி இல்லை. கதவைச் சாத்தி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓடினால் மனநோய் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி ஓரளவு உதவும் என்பது உண்மை. எனக்கே நன்றாகத் தூக்கம் வந்தது. ஆனால் காதில் இல்லாத குரல் கேட்கிறவருக்கு டாக்டரும் மாத்திரையும்தான் முதலில். என் ஓட்டம் அந்த மாத்திரைக்குப் பணம் சேர்க்க மட்டும்.

இருபத்தொன்பதாம் நாள், ஓடி முடித்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடை அண்ணாச்சியின் தம்பி ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர். இப்போது திருப்பூரில் இருக்கிறார். ஊருக்கெல்லாம் அப்படித்தான் கணக்கு. எனக்கும்.

அண்ணாச்சி ஐந்நூறு ரூபாயை நீட்டினார். வழக்கம்போல, ‘நலம் விரும்பின்னு போட்டுக்கட்டுமா அண்ணாச்சி?’ என்றேன்.

பாய்லரைத் துடைத்துக்கொண்டே, ‘அவன் திருப்பூர்ல இல்ல தம்பி’ என்றார். ‘வீட்டுலதான் இருக்கான். ஆறு வருசமாச்சு.’

‘மாத்திரை?’

‘முதல்ல குடுத்தோம். அப்புறம் நிறுத்திட்டோம். வாங்கப் போற எடத்துல தெரிஞ்சவன் எவனாச்சும் பாத்துட்டா? வீட்ல பொண்ணு வளருதுல்ல...’

விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பதைச் சொன்னேன். அதற்கு முன்னால் பேசிப் பார்க்க 14416 என்ற நம்பர். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லக் கட்டாயமில்லை என்றெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. என் நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

‘எம் பேரு வேணாம். அவன் பேரைப் போடு.’

சொன்னார். இன்ஷியலோடு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கடையின் விலைப் பலகையில், போண்டாவுக்குக் கீழே, சாக்பீஸில் 14416 என்று பெரிதாக எழுதியிருந்தது. ‘என்ன அண்ணாச்சி, பலகாரம் இந்த விலை விக்குது?’ என்று கேட்டார் ஒரு வெளியூர்க்காரர். ‘அது பலகாரம் இல்ல. உக்காருங்க, சொல்றேன்’ என்றார் அண்ணாச்சி.