இரண்டு சுகூன்கள்

இராயபுரத்துப் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் போதிக்கையில், சுகூனை விளக்க நாம் நெடுங்காலமாக ஓர் உவமையைக் கையாண்டு வந்தோம். "காசிமேட்டில் ஐஸ் பார்த்திருப்பீர்கள். வெப்பம் என்பது அணுக்களின் அசைவு. அந்த ஐஸினும் குளிர்ந்து, மைனஸ் 273.15 டிகிரியைத் தொட்டால் அசைவு முற்றும் ஒழியும். ஹரகத் இல்லாத எழுத்தும் அவ்வாறே" என்போம். பிள்ளைகளும் தலையசைப்பார்கள்.

சென்ற மாதம், இப்போது கல்லூரியில் பௌதிகம் பயிலும் பழைய மாணவர் ஒருவர் துறைமுகத்தருகே எதிர்ப்பட்டார். சலாம் உரைத்துச் சற்றே தயங்கி, "ஹஜ்ரத், தாங்கள் சொல்லித் தந்ததை அப்படியே பரீட்சையில் எழுதினேன். மதிப்பெண் போயிற்று" என்றார். நமக்கு முகம் வாடிற்று. இல்லத்துக்கு அழைத்துச் சென்று தேநீர் அளித்து, அவர் முன் நாம் மாணவராய் அமர்ந்தோம்.

1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒளியைப் பற்றிய தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அவர் அதைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டதோடு, அக்கணக்கை அணுக்களுக்கும் விரித்தார். கடுங்குளிரில் வாயுவின் அணுக்கள் திரண்டு ஒரே நிலையில் ஒடுங்கும் என்பது முடிவு. 1995இல் அமெரிக்காவில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு இதை நிகழ்த்தியும் காட்டினர்.

ஆயினும் ஐன்ஸ்டீனின் கணக்கில் அணுக்கள் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. அவை இலேசாகத் தள்ளிக்கொள்கின்றன என வைத்து 1947இல் கணக்கிட்டவர் சோவியத் அறிஞர் போகோலியுபோவ். வெப்பம் பூஜ்யமானாலும் அணுக்கள் அனைத்தும் அந்த ஒரே நிலையில் இரா. சில, இரண்டிரண்டாக, எதிரெதிர்த் திசைகளில் வேகம் கொண்டிருக்கும்! நெருக்கமும் தள்ளுதலும் மிகுந்தால் அவற்றின் தொகையும் மிகும். மெல்லிய வாயுவில் அது பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு; திரவ ஹீலியத்திலோ பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். வெப்பம் தந்த அசைவன்று இது. ஆதலால் எவ்வளவு குளிர்வித்தாலும் நீங்காது.

கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகூனுள்ள இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கலாகாது என்பது நாம் அன்றாடம் ஓதுவிக்கும் விதியன்றோ? 'மின்' என்பதோடு 'அல்' சேர, அசைவற்றிருந்த நூனுக்கு ஹரகத் பிறந்து 'மினல்' ஆகிறது. கையிலிருந்த உவமையை விட்டு வேறொன்றையல்லவா பற்றியிருந்தோம்! "அங்கே ஒன்றுதான் அசையும், இங்கே இரண்டும் அசையும், ஹஜ்ரத்" என்றார் மாணவர். இம்முறை அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் வகுப்பில் நமது பிழையைச் சொல்லிவிட்டோம். முன்னர் கற்றுச் சென்றோரில் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உள்ளவர்களை நேரில் கண்டு சொல்லி வருகிறோம். கடல் கடந்து சென்றவர்களுக்குக் கடிதம்தான்.