பழகிப்போன பழுது

"நல்ல மெஷின் அண்ணை. காலமையில மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். எனக்கு அதின்ர குணம் தெரியும்." டொராண்டோ, ஸ்காபரோ கிடங்குகளில் புரொப்பேன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நம் பிள்ளைகள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பெருமையாகத்தான் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் எனக்குப் பயம்.

சிலிண்டரிலிருந்து திரவமாக வரும் புரொப்பேன் ரெகுலேட்டருக்குள் ஆவியாகி, ஏறத்தாழ 270 மடங்கு விரிகிறது. அதன் கொதிநிலை மைனஸ் 42 பாகை. ரெகுலேட்டர் உறைந்துவிடாமலிருக்கவே எஞ்சினின் சூடான கூலன்ட்டை அதன் வழியாக ஓடவிடுகிறார்கள். கூலன்ட் குறைந்தால் வெளியே வெண்பனி படியும். கண்டதும் ஓடிவந்து சொல்வார்கள். உள்ளே டயாபிரம் என்னும் ரப்பர்ச் சவ்வு இறுகுவதை யார் பார்ப்பது?

பழைய ரெகுலேட்டரைக் கழற்றினால் அடியில் பிசுபிசுவென்று கரிய எண்ணெய்க் கசடு நிற்கும். எரிவாயுவோடு வந்து வருடக்கணக்காகத் தங்கியது. துணிபோல மடங்க வேண்டிய ரப்பர் காய்ந்த அப்பளமாக விறைத்திருக்கும். ஒரே நாளில் இறுகியதல்ல. கொஞ்சம் இறுகியபோது ஓட்டுநர் கூடுதலாக ஒருமுறை சாவியைத் திருப்பினார். இன்னும் இறுகியபோது பெடலை மிதிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டார். வண்டியின் பழுதை அவர் உடம்பு ஏற்றுக்கொண்டது.

வீடுகளிலும் இதைக் கண்டிருக்கிறேன். அப்பாவின் குணம் தெரியும் என்று பிள்ளைகள் குரலைத் தாழ்த்தி நடப்பார்கள். அதை மரியாதை என்று அந்த அப்பா நினைத்துக்கொண்டிருப்பார்.

கிடங்கில் விளைவு வேறு. டயாபிரம் இறுகி வாயு அளவுக்கு மிஞ்சிப் போனால் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காலத்தில் கதவுகளை அடைத்துவிட்டு வேலை செய்யும் பெண்கள் தலையிடிக்குத் தேநீர் குடிக்காததைக் காரணம் சொல்வார்கள்.

முதலாளிகள் ஒரு பாகத்தை மட்டும் மாற்றச் சொல்வார்கள். உறை நன்றாக இருந்து, உற்பத்தியாளரின் ரிப்பேர் கிட் கிடைத்தால் நானும் அதையே செய்வேன். கிட் நின்றுபோன பழைய மாதிரி என்றால் ரெகுலேட்டர், லாக்-ஆஃப் வால்வு, ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயது ரப்பர் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். வாயுவும் காற்றும் சேரும் கலவையைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் வித்தைக்காரர்களும் உண்டு. புகையை அளக்கும் கருவி இல்லாதவரை அனுப்பிவிடுங்கள்.

முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். புரொப்பேனில் நாற்றம் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் மோப்பமும் வயதோடு மங்கும். என் வயதுக்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்து "ஒண்டுமில்லை, ஓட்டு" என்றால் வண்டியில் ஏறாதீர்கள்.