மயாமி ஃப்யூஷன்: ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்தவனுக்கு டி.சி.

யூட்யூப்ல பழைய பார்சிலோனா மேட்ச் பாக்குற பழக்கம் உள்ளவங்களுக்கு ரே ஹட்சன் குரல் தெரிஞ்சிருக்கும். மெஸ்ஸி பந்தைத் தொட்டாலே மைக்குல உருகி வழியற வர்ணனையாளர். அந்த மனுஷன் முன்னாடி கோச்சா இருந்தார்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும். அவர் அணி மயாமி ஃப்யூஷன். பேர் கேள்விப்படலையா? தப்பில்ல. அது இருந்ததே நாலு சீசன்தான், 1998லேர்ந்து 2001 வரைக்கும்.

கென் ஹோரோவிட்ஸ்ங்கிற தொழிலதிபர் 2 கோடி டாலர் கட்டி எம்.எல்.எஸ். லீக்குல சேர்த்த அணி. மயாமியில இருந்த ஆரஞ்ச் பௌல் மைதானத்துக்கு வாடகை பேரம் படியல. அதனால வடக்கே ஃபோர்ட் லாடர்டேல் போய், பள்ளிக்கூட மேட்ச் நடக்குற லாக்ஹார்ட் மைதானத்தைச் சரி பண்ணிக்கிட்டாங்க. பேரு ஒரு ஊரு, ஆடுறது இன்னொரு ஊரு. பரட்டைத்தலை வால்டர்ராமா வந்தார், அடுத்த வருஷமே கிளம்பிட்டார். கூட்டமும் பெருசா சேரல.

2000ல ஹட்சன் பொறுப்புக்கு வந்தார். 2001ல எல்லாம் கூடி வந்துச்சு. 26 மேட்ச்ல 16 வெற்றி, 57 கோல். லீக் ஆட்டங்கள்ல முதலிடம் வர்ற அணிக்குத் தர்ற சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு இவங்களுக்குத்தான். ஹோண்டுராஸ்லேர்ந்து வந்த அலெக்ஸ் பினேடா சகோன் 19 கோல் அடிச்சு லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அரையிறுதியில சான் ஹோசேகிட்ட தோத்தாங்க. சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுதானே எவனும் நினைப்பான்?

2002 ஜனவரி 8. நஷ்டம் தாங்கலன்னு லீக் ரெண்டு அணிகளை மூடுச்சு. ஒண்ணு தாம்பா பே மியூட்டினி. இன்னொண்ணு ஃப்யூஷன். ஆட்டக்காரங்களை மத்த அணிகள் ஏலம் மாதிரி வரிசையா எடுத்துக்கிட்டாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ப்ராஜெக்ட் ஞாபகம்தான் வந்துச்சு. ஒன்பது பேர். ரிலீஸ் ஒழுங்கா போச்சு, கிளையண்ட்டும் பாராட்டினான். மூணாவது வாரம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு "பட்ஜெட் இல்ல"ன்னாங்க. அடுத்த மாசம் ஆளுக்கொரு டீம். "எல்லாருக்கும் இடம் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன?"ன்னு மேனேஜர் நிஜமாவே புரியாம கேட்டார்.

அந்தக் கணக்குப்படி பாத்தா ஃப்யூஷன் கதையும் சுபம்தான். கோல்கீப்பர் நிக் ரிமாண்டோவும், அப்போ சின்னப் பையனா இருந்த கைல் பெக்கர்மேனும் 2009ல ரியல் சால்ட் லேக் அணியில சேர்ந்து கோப்பை ஜெயிச்சாங்க. பாப்லோ மாஸ்ட்ரோயெனி 2002 உலகக்கோப்பையிலயே அமெரிக்காவுக்கு ஆடினார். ப்ரெகி 2003ல, 40 வயசுல, லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் ஆனார். லாக்ஹார்ட்டை 2019ல இடிச்ச இடத்துல புது மைதானம் வந்து, 2023லேர்ந்து மெஸ்ஸியே அங்க ஆடினார். 2024ல இன்டர் மயாமி அதே ஷீல்டை எடுத்துச்சு.

ஆனா பினேடா சகோன்? 2001ல அந்த லீக்குலயே அவரை மிஞ்ச ஆள் இல்ல. ஃப்யூஷன் கலைஞ்சப்புறம் எம்.எல்.எஸ்.ல அந்த ஆட்டம் அவருக்குத் திரும்ப வரவே இல்ல. கால் அதேதான். பக்கத்துல ஓடினவங்கதான் வேற.

சில பேர் எங்க நட்டாலும் முளைச்சிடுவாங்க. சில பேருக்கு அந்த மண்ணு, அந்தப் பக்கத்துச் செடி எல்லாம் வேணும். எக்செல் ஷீட்ல ரெண்டு பேரும் ஒரு வரிதான்.

எங்க ஒன்பது பேர்லயும் ஒரு பினேடா சகோன் இருந்தான். எங்க டீம்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் சிரிச்சுக்கிட்டே பக் பிடிப்பான். புது டீம்ல "சுமார்"னு ரேட்டிங் போட்டாங்களாம். போன வருஷம் வேலையை விட்டுட்டான்.