ஆர் ஆர் பாக்கப்போறியள்?

வன்னியில் அந்தக் காலத்தில் படம் பார்ப்பதென்றால் முதலில் மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்க்க வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றறி, சீமெந்து, பசளை எதுவும் வவுனியாவுக்கு வடக்கே ஒழுங்காக வராது. வந்தால் கையில் பிடிக்க முடியாத விலை. மின்சாரம் அறவே இல்லை. சுவரில் சுவிட்ச் பொருத்தியிருக்கும் வீட்டை முதல்முதலாக வவுனியாவில்தான் பார்த்தோம் என்று சொல்லும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

1996 செப்ரெம்பரில் ‘சத்ஜய’ நடவடிக்கையில் கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. நாங்கள் அக்கராயனுக்கு ஓடி, பிறகு ஸ்கந்தபுரத்தில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டோம். முதல் வருடம் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த சனமும் அங்கேதான். ஒரு காணிக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பம். படம் போடுவதற்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? காசு சேர்ப்பது சுகம், சனம் சேர்ப்பது அதைவிடச் சுகம்.

‘டெக் எடுக்கிறது’ என்போம். வீடியோ டெக், ரிவி, ஜெனறேற்றர், மூன்று கசற், எல்லாம் சேர்த்து ஒரு இரவு வாடகை. மண்ணெண்ணெய் எங்களுடையது. மல்லாவிப் பக்கமிருந்து ஒரு அண்ணை வருவார். எங்களுக்கு அவர் டெக் அண்ணை. சைக்கிள் கரியரில் ரிவியைப் பழைய மெத்தைத் துண்டால் சுற்றி, ரியூப் கட்டி, உருட்டிக்கொண்டே வருவார். பள்ளம் கண்டால் நிற்பார். கசற்றுகள் மாப் பையொன்றில் ஹாண்டிலில் தொங்கும். அவருடைய முழுச் சேமிப்பும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும். அதற்குள் ஒரே படத்தின் இரண்டு பிரதி வேறு இருக்கும்.

அவரிடம் போய் “நல்ல படமாத் தாங்கோ அண்ணை” என்றால் பெட்டியைத் திறக்கமாட்டார். முதலில் கேட்பார், “ஆர் ஆர் பாக்கப்போறியள்?”

வயது போனவை இருக்கினமா? குமருகள் இருக்கினமா? கிட்டடியில் செத்த வீடு நடந்த குடும்பம் ஏதும் இருக்கா? பதில் சொன்ன பிறகுதான் பெட்டி திறக்கும். பிள்ளையைச் சண்டையில் பறிகொடுத்த அம்மா ஒருவர் வருவார் என்று சொன்னதும், கையில் எடுத்த கசற்றைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றைத் தேடினார் ஒருநாள். எதை வைத்தார், எதை எடுத்தார் என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கை திரும்பிப் போனதுதான் நினைவு.

படங்களின் ஒழுங்கு ஒரு அரசியல். முதலில் கறுப்பு வெள்ளை எம்.ஜி.ஆர். அல்லது பக்திப் படம். அம்மம்மாமார் அது முடியக் கொட்டாவி விட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது குடும்பப் படம். மூன்றாவதாகச் சண்டைப் படம், பெடியள் விழித்திருந்து பார்க்க. ஆனால் பெடியளுக்கு இதில் எப்போதும் நட்டம். மூன்றாவது படத்துக்குள் எண்ணெய் அடியில் போய்விடும். ஜெனறேற்றரைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அது கரும்புகை கக்கிக்கொண்டு விடியப்புறம் வரைக்கும் இழுக்கும். சத்தம் காதைப் பிளக்குமென்று வேலிக்கு அங்கால் கிடங்கு வெட்டி அதற்குள் இறக்கி வைப்போம். ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தின் கடைசிச் சண்டையை நான் பல வருடம் பார்க்கவே இல்லை. அதற்கு முதல் ஜெனறேற்றர் நின்றுவிடும். பெயருக்காகவே எல்லாரும் கேட்டு எடுக்கிற படம் அது.

சிவராத்திரிக்கு மட்டும் விதிவிலக்கு. நித்திரை முழிக்க வேண்டிய இரவென்பதால் நாலாவது கசற்றும் கேட்டு வாங்கலாம். கோயிலுக்கு உள்ளே தேவாரம், வெளிவீதியில் ‘சின்னக் கவுண்டர்’. ஐயருக்கு அதில் ஆட்சேபனை இல்லை. அர்த்தசாமப் பூசை முடிய அவரும் வந்து ஓரமாகக் கதிரை போட்டு இருப்பார்.

படம் நடுவில் திடீரென்று பனி கொட்டத் தொடங்கும். ரிவி முழுக்க வெள்ளைக் கோடு. “ஹெட் அடைச்சுப் போச்சு” என்று சனம் முனகும். டெக் அண்ணை அவசரப்படமாட்டார். மேல் மூடியைக் கழற்றுவார். ஒருவர் ரோச் லைற் பிடிக்க வேண்டும். வெள்ளைக் கடதாசியில் சின்னத் துண்டொன்று கிழித்து, ஸ்பிரிற்றில் தோய்த்து, பளபளவென்று மின்னும் அந்த உருளையின் மேல் வைத்து, மற்றக் கையால் உருளையை மெதுவாகச் சுற்றுவார். கடதாசியில் மண்ணிறமாக ஒரு கோடு படியும். அதை லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பழைய கசற்றின் காந்தப்பொடி அது. ஓடி ஓடித் தேய்ந்த படங்கள். ஒவ்வொரு தடவை போடும்போதும் படம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அந்தக் கடதாசியில் வந்தது. மெல்லமாய் ஊதி, மூடியைப் பூட்டி, “இப்ப பாருங்கோ” என்பார். தேய்ந்து முடிந்த நாடாவும் வீண் போகாது. வயலில் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டினால் காற்றுக்கு ஊளையிடும், குருவி அண்டாது. அக்கராயன் வயலில் எந்த நடிகர் குருவி விரட்டுகிறார் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.

புதுப்படம் கிடைப்பது அரிது. வெளியிலிருந்து வருவது ஏதோ ஒரு பயணப்பையில் ஒளிந்துகொண்டு வர வேண்டும். வந்த பிறகும் புலிகள் இயக்கத்தின் தணிக்கை இருந்தது. குத்துப்பாட்டில் கத்தரி விழும். கதாநாயகி மழையில் நனையத் தொடங்கியதும் படம் குதித்து அடுத்த காட்சியில் நிற்கும். நனைந்த சேலை எப்படிக் காய்ந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு இந்தத் தணிக்கையில் உடன்பாடு இருந்ததில்லை. ஆனால் அந்தப் பக்கத்தாலேயே வேறொரு கதவும் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேற்றுமொழிப் படங்களைத் தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாத ஒரு நாட்டுச் சிப்பாய் எங்கள் ஊர்த் தமிழில் “தண்ணி கொஞ்சம் தாங்கோ” என்று கேட்பான். பாட்டு இல்லாமலும் ஒரு படம் ஓடும் என்பதை வன்னிச் சனம் பழகிக்கொண்டது அப்படித்தான். இயக்கத்தின் நிதர்சனம் வெளியிட்ட ‘ஒளிவீச்சு’ வீடியோ சஞ்சிகையும் அதே திரையில்தான் ஓடியது.

இராணுவத்தின் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கை 1997 மே மாதம் தொடங்கிய பிறகு டெக்கும் அரிதாகிவிட்டது. மண்ணெண்ணெயை விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக விட்ட காலம். அப்போது எங்கள் காணியில் ஒரு மாமி படம் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் ராஜா, ராணி, மனோகரா, வின்சர் என்று ஒரு தியேட்டர் விடாமல் இளமையில் பார்த்தவர். இரவுச் சாப்பாடு முடிய, முற்றத்தில் பாய் போட்டுக்கொண்டு ‘வசந்த மாளிகை’ சொல்லத் தொடங்கினால் அது இரண்டு இரவு போகும். சிவாஜி படியிறங்குகிற இடத்தில் மாமி எழும்பி நின்று நடந்து காட்டுவார். வாணிஸ்ரீயின் சேலைக் கரை என்ன நிறம் என்பது வரைக்கும் வரும். எறிகணைச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் போய்த் தொடர்வார். ஒருநாள் கதாநாயகன் ஆனந்தைச் சாகவிட்டார். பிள்ளைகள் அழுததைக் கண்டு மற்றநாள் அவரே உயிர்ப்பித்தார். எண்ணெய் தேவையில்லை, ஹெட் அடைக்காது. பிற்பாடு அந்தப் படத்தை வீசீடியில் பார்த்தேன். மாளிகை சின்னதாக இருந்தது.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதோடு வீசீடி வெள்ளமாக வந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்குகிற இடத்தில், பக்கத்துப் பெட்டிக்கடையில் சீடியும் வாங்கலாம் என்றானது. ஒப்பந்தத்துக்கு ஒரு வாரம் முந்தித்தான் தமிழ்நாட்டில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வெளியாகியிருந்தது. அதில் வரும் சிறுமி அமுதாவைப் பெற்றவளின் ஊர் மாங்குளம். எங்களுக்குக் கேட்கவா வேண்டும்! சனம் அடைந்துபோய் இருந்து பார்த்தது. படத்து மாங்குளம் பச்சைப்பசேலென்று தண்ணியும் மரமுமாய்க் கண்ணைப் பறித்தது. அந்த வருடம் நிஜ மாங்குளச் சந்தியில் நின்றவை கூரையில்லாத சுவர்களும், மிதிவெடி அபாயமென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுந்தான். “இது எங்கட மாங்குளமே இல்லை” என்று ஒருவர் சத்தம் போட, “சும்மா இரும், இப்பிடியாவது இருக்கட்டும்” என்று இன்னொருவர் அடக்கினார். ‘தெனாலி’ கமலின் தமிழுக்குச் சிரித்த அதே சனம், மாதவனையும் சிம்ரனையும் மாங்குளத்துக்கு வந்த விருந்தாளிகளாகவே எடுத்துக்கொண்டது.

போர்நிறுத்தத்தின் அந்த நாலு வருடம் வன்னியில் படம் எடுக்கவும் பழகினார்கள். ‘உதிரிப்பூக்கள்’ மகேந்திரன் வந்து பயிற்சி கொடுத்தார். அவருடைய மகன் ஜான் மகேந்திரன் நந்தாவையும் மதுமிதாவையும் கூட்டிவந்து வன்னியிலேயே ‘ஆணிவேர்’ எடுத்தார்; 2006இல் வெளியானது. ந. கேசவராஜன் ‘கடலோரக் காற்று’, ‘அம்மா நலமா’ என்று தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தார். 2005இல் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியும் தொடங்கிவிட்டது. தெரிந்த வீதி, தெரிந்த பனை, பேசும்போது எழுத்துத் தமிழ் தேவைப்படாத நடிகர்கள். பிரசாரம் தூக்கலாக இருந்தது, சில காட்சிகள் நீண்டு அலுப்படித்தன, ஒலிப்பதிவு சுமார். இருந்தும் சந்தையில் மீன் வாங்குகிற அக்கா திரையில் வந்து போவதைப் பார்க்க இருந்த ருசி வேறு.

2006 ஓகஸ்ரில் ஏ9 மூடியது. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி மறுபடியும் இராணுவத்திடம் போனது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ரக்டரிலும் லாண்ட்மாஸ்ரரிலும் சனம் கிழக்கே நகரும்போது முதலில் கதவு, நிலை, ஓடு எல்லாம் ஏற்றினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ரிவியும் டெக்கும் விசுவமட்டு வீதியோரத்தில் வரிசையாகக் கிடந்தன. கசற்றும் சீடியும் கொண்டுபோக யாருக்கும் துணிவில்லை. ஆமிக்காரன் சோதிக்கும்போது ஒரு சீடி போதும், ஆள் போக. புதைத்தவர்கள் இருக்கிறார்கள், எரித்தவர்கள் அதிகம். 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் தமிழரான படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவைக் காடையர் எரித்தார்கள். அன்று சுருள்கள் வேறு கையால் எரிந்தன. வன்னியில் சொந்தக் கையாலேயே எரிக்க வேண்டியிருந்தது.

இப்போது கிளிநொச்சியில் மின்சாரம், பைபர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் உண்டு. மருமகள் யாழ்ப்பாணத்தில் ஊடகம் படிக்கிறாள். சனிக்கிழமை வந்தால் ரிமோட்டை வைத்துக்கொண்டு மேலும் கீழும் உருட்டுவாள். பார்த்தது, பார்த்தது, பாதியில் விட்டது, கொரியன், திரும்பவும் பார்த்தது. கடைசியில் “ஒண்டுமில்லை மாமா” என்பாள். நேற்று என்ன பார்த்தாய் என்று அந்தப் பெட்டிக்குத் தெரிகிறது. பக்கத்தில் ஆர் இருக்கினம் என்று தெரிவதில்லை. தேடத் தெரிந்தால் உள்ளே நல்ல படம் இருக்கத்தான் செய்கிறது. நான் அவளுக்குச் சொல்வது ஒரு வழிதான்: நடிகரை விட்டுவிட்டு எடுத்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போ. மஜித் மஜிதி ஒன்று பார்த்தால் அடுத்தது தானாக வரும். பிரசன்ன விதானகேயைப் பிடித்தால் சிங்களத்தில் நல்லதெல்லாம் ஒவ்வொன்றாய்க் கிடைக்கும். தர்மசேன பத்திராஜ 1977இல் தமிழில் எடுத்த ‘பொன்மணி’யைத் தேடிப் பார், நடை மெதுவென்று வையாதே.

அவள் ஒருநாள் கேசவராஜனின் வன்னிப் படங்களைக் கேட்டாள், ஏதோ ஒப்படைக்காம். அவர் 2021இல் காலமாகிவிட்டார். உலகத்துப் படமெல்லாம் விரல் நுனியில் இருக்க, இந்த மண்ணில் எடுத்ததை மட்டும் ஒழுங்கான பிரதியில் காட்ட என்னால் முடியவில்லை. வெளிநாட்டில் யாரோ ஏற்றிவிட்ட துண்டுகள், நடுவில் வெள்ளைக் கோட்டோடு. மாமி இருந்திருந்தால் சொல்லியே காட்டியிருப்பார். நான் முயன்றேன்; இரண்டாவது காட்சியிலேயே அவள் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

டெக் அண்ணை தப்பி வந்தார். செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியேறியபின் பரந்தனில் கைபேசி திருத்தும் கடை போட்டிருக்கிறார். கண்ணாடி மூக்கில், முன்னால் ஸ்குறூ சிந்திய தட்டு. பென்டிறைவில் படமும் போட்டுக் கொடுப்பார், அது பலகையில் எழுதாத வியாபாரம். போன மாதம் போய் நின்றேன்.

“ஆர் ஆர் பாக்கப்போறியள்?”

“நானும் மனிசியும். பிள்ளையள் கனடாவில. மருமகள் வந்தா வருவாள்.”

கொஞ்ச நேரம் கணினியை உருட்டினார். “மெய்யழகன் பாத்தனீரோ? சண்டை கிண்டை இல்லை. ஊர் விட்டுப் போன ஒருத்தன் திரும்பி வாறான், ரெண்டு பேர் விடிய விடிய கதைக்கினம். உமக்குப் பிடிக்கும்.”

அந்தப் படம் 2024 செப்ரெம்பரில் வெளியான சில நாளிலேயே பதினெட்டு நிமிடம் குறைத்தார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். “வெட்டினதோ, வெட்டாததோ அண்ணை?”

“வெட்டினதுதான்” என்று பென்டிறைவைச் செருகினார். “வன்னியில நாங்கள் எப்ப முழுப் படம் பாத்தனாங்கள்? நூறு ரூபா தாரும்.”